குரோமா, ஃபயர்பாக்ஸா?

பெங்களூரு அல்சூர் வீட்டில் என் லேப்டாப்பில் இந்த இரண்டு பிரவுசரும் இருக்கிறது. 2008-ல் வந்த குரோம் எந்தத் தளத்தையும் பெரும்பாலும் முரண்டு பிடிக்காமல் திறக்கும், அதே கூகுள் கணக்கில் போனில் சேமித்த பாஸ்வேர்டு இங்கேயும் வந்து நிற்கும், அதனால் ஆபீஸ் வேலைக்கு அதுதான். ஆனால் விளம்பரத் தொல்லை என்று வந்தால் 2004-லிருந்தே இருக்கும் ஃபயர்பாக்ஸுக்குத்தான் என் ஓட்டு. இந்த இரண்டில், விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) முழு பலத்தோடு ஓடுவது இதில்தான், குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிய பிறகு அங்கே அதன் லைட் வடிவம்தான் மிச்சம். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் முழு யூபிளாக் ஆரிஜினைப் போட்டுக்கொள்ளலாம். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் நின்றபடி வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று பார்ப்பதற்குள் விளம்பரம் வந்து மறைக்காது. பேங்க் வேலைக்கு மட்டும், சரி, குரோம்: என் பேங்கின் தளம் ஃபயர்பாக்ஸில் ஓடிபி பெட்டியையே காட்டுவதில்லை.