அந்துப்பூச்சியா, ஓடைப்பூச்சியா: எதைக் கணக்கெடுக்கலாம்?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பல்லுயிர்க் கணக்கெடுப்பை எதில் தொடங்கலாம், இரவில் விளக்குக்கு வரும் அந்துப்பூச்சியிலா, ஓடைத் தண்ணீருக்குள் வாழும் சிறு பூச்சிகளிலா என்று தயங்குகிறவர்களுக்காக.

செலவு: அந்துப்பூச்சிக்குத் திரையாகக் கட்ட வெள்ளை வேட்டி, அதன்மேல் வெளிச்சம் போடப் புற ஊதா பல்பு, பேட்டரி வேண்டும். ஓடைக்கு டீ வடிகட்டியும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டும் போதும்.

நேரம்: அந்துப்பூச்சிக்கு அமாவாசையை ஒட்டிய இரவு, ஓடைக்குக் காலை வெயில். அஞ்செட்டிக் காட்டில் யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே வேட்டி கட்டாதீர்கள் (திரையாகத்தான் சொல்கிறேன்).

அடையாளம்: பெரிய அந்துப்பூச்சிகளைப் போட்டோவிலேயே இனம் பிரிக்கலாம், பொடிசுகள் பாடாய்ப் படுத்தும். ஓடையில் பெரும்பாலும் எந்தக் குடும்பம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) என்பது வரைதான் போக முடியும். ஆனால் கல்லைப் புரட்டிப் பாருங்கள்: மணல் துகள்களை ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள் குடியிருக்கும் கேடிஸ் என்ற பூச்சியின் புழு. பக்கத்திலேயே மூன்று வால் நீட்டிய, மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு. இவற்றில் பலவும் சாக்கடை கலந்தால் தாங்காது. ரத்தச் சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் ஆக்சிஜன் குறைவு என்று சந்தேகப்படலாம்.

கோடையில் ஓடை வற்றினால் தட்டுக்கு வேலையில்லை, அது ஒரு குறை.

காட்டின் செடிவளம் அறிய அந்துப்பூச்சி. அவற்றின் புழுக்கள் பல குறிப்பிட்ட செடிகளையே தின்னும். தென்பெண்ணைக்கு வரும் ஓடைத் தண்ணீரின் நிலை அறிய ஓடைப்பூச்சி. பள்ளிப் பிள்ளைகளோடு என்றால் நான் யோசிக்காமல் ஓடைக்கே போவேன்.