பெங்களூரு பக்கம் வார இறுதி கேம்பிங்: அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் பாருங்கள்

நந்தி மலை, ஸ்கந்தகிரி, மஞ்சனபெலே, கனகபுரா என்று பெங்களூருவிலிருந்து எந்தப் பக்கம் போகத் தேடினாலும் அன்று மாலைக்குள் இன்ஸ்டாகிராமில் டென்ட் விளம்பரம் வந்துவிடும். தலைக்கு 1,299 ரூபாய். ஏரிக்கரை, கேம்ப்ஃபயர், பார்பெக்யூ, காலை டிபன் எல்லாம் சேர்த்து. இந்த விளம்பரத்தைப் போட்டவருக்குச் சொந்தமாக ஒரு டென்ட்கூட இல்லாமல் இருக்கலாம். பணம் வாங்குகிறவர் ஒருவர், முகாம் நடத்துகிறவர் வேறொருவர். மோசம் போனவர்கள் சொல்லும் கதைகளில் பல இந்த இடைவெளியில்தான் ஆரம்பிக்கின்றன.

எட்டுப் பேர் போன ஒரு குழுவுக்கு நடந்ததைப் பாருங்கள். மொத்தம் 10,392 ரூபாய். பாதியான 5,196 ரூபாயை புதன்கிழமையே யுபிஐயில் அனுப்பிவிட்டார்கள். லொகேஷன் கேட்டபோது, "சனிக்கிழமை மதியம் அனுப்புறோம் ப்ரோ, அங்கே நெட்வொர்க் இல்லை" என்று பதில். சனிக்கிழமை இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தால் தைலமரத் தோப்பு. ஏரி, வேலிக்கு அந்தப் பக்கம் அரை கிலோமீட்டர் தள்ளி, வற்றிக் கிடக்கிறது. சொன்னது நான்கு டென்ட், இருந்தது மூன்று. முகாம்காரர், "புரோக்கர் எனக்குத் தலைக்கு 600 ரூபாய்தான் பேசினார், அதுவும் இன்னும் வரலை" என்கிறார். கேம்ப்ஃபயர் விறகுக்கு 500, பார்பெக்யூ கரிக்கு 300, வண்டி நிறுத்த 100 என்று தனித்தனியாக வசூல். அட்வான்ஸ் வாங்கிய எண்ணுக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. முகாம்காரரும் ஏமாந்தவர்தான் என்பதால் அவரிடம் சண்டை போட்டும் பயனில்லை. ராத்திரி பத்து மணிக்கு எட்டுப் பேரும் வேறெங்கே போவது? வியாபாரமே இந்தக் கேள்வியை நம்பித்தான் நடக்கிறது.

லொகேஷனைக் கடைசி வரை மறைப்பதற்கு நெட்வொர்க் காரணமல்ல. எத்தனை பேர் சேருகிறார்கள் என்று பார்த்து, எந்த முகாம்காரர் மலிவாகக் கொடுக்கிறாரோ அவரிடம் தள்ளிவிடுவதற்கான ஏற்பாடு அது. இடமே முடிவாகாதபோது அனுப்பிய படம் மட்டும் எப்படி உண்மையாக இருக்கும்? ஆகவே பேச்சு ஆரம்பிக்கும்போதே மூன்றைக் கேளுங்கள்: மேப்பில் சரியான இடம், பக்கத்துக் கிராமத்தின் பெயர், அங்கேயே இருக்கிற பொறுப்பாளரின் போன் எண். மூன்றில் ஒன்று மறுக்கப்பட்டாலும் விட்டுவிடலாம். கொடுத்தால் சேட்டிலைட் காட்சியில் போட்டு, படத்திலுள்ள தண்ணீரும் மரவரிசையும் அங்கே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பிறகு பொறுப்பாளருக்குப் பகல் வெளிச்சத்தில் வீடியோ கால் செய்து, கழிப்பறையிலிருந்து டென்ட் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையில் முகாம் வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. மேப் விமர்சனங்களைப் 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்தி, ஒரு நட்சத்திரம் போட்டவற்றை மட்டும் படியுங்கள். 'சூப்பர் பிளேஸ்' என்று ஒரே வாரத்தில் குவிந்த ஐந்து நட்சத்திரங்களால் எதுவும் தெரியாது.

பணம் அனுப்பும்போது யுபிஐ பின் நம்பர் போடுவதற்கு முன்னால் திரையில் வங்கிக் கணக்கின் பெயர் தெரியும். முகாமின் பெயருக்கும் பேசிய ஆளின் பெயருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 'ஜிஎஸ்டி தனி' என்றால் பதிவு எண் கேளுங்கள். அதில் எழுத்தும் இலக்கமும் கலந்து 15 இருக்கும், கர்நாடகப் பதிவு என்றால் 29 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். ஆண்டு மொத்த விற்பனை 20 லட்சத்துக்குள் உள்ள சிறிய முகாமுக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை, ஆகவே எண் இல்லாததே குற்றமாகாது. எண் இல்லாமல் ஜிஎஸ்டி என்று வசூலிப்பதுதான் குற்றம். 'ரீஃபண்ட் போடுகிறோம், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்று வந்தால் அது இரண்டாவது சுற்று மோசடி. பணம் உள்ளே வர பின் நம்பர் தேவையே இல்லை. அட்வான்ஸ் 20, 25 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மீதி, டென்டைக் கண்ணால் பார்த்த பிறகு.

டென்டைப் பற்றி 'மூணு பேர் டென்ட்' என்ற கணக்கை நம்ப வேண்டாம். சாதாரண டோம் டென்டின் தரை சுமார் 2.1 மீட்டருக்கு 2.1 மீட்டர். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 70 செ.மீ., பை வைக்க இடமில்லை. மூன்று பேர் டென்டில் இரண்டு பேர் என்று பேசி எழுத்தில் வாங்குங்கள். அதைவிட முக்கியம் மேல்விரிப்பு, அதாவது டென்டுக்கு மேலே தனியாகப் போடும் மழைத்துணி. மலிவு முகாம்களில் ஒற்றைத் துணி டென்டையே அடித்து வைக்கிறார்கள். மழை வந்தால் தையல் வழியே ஒழுகும். மழையே இல்லாவிட்டாலும் மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் பனித்து விடிகாலையில் முகத்தில் சொட்டும். தனி மேல்விரிப்பு இருந்து, அதற்கும் உள்துணிக்கும் நடுவே காற்று போக இடைவெளி இருந்தால்தான் இரண்டு தொல்லையும் தீரும். பெங்களூரு பக்கம் ஏப்ரல், மே மாலைகளில் இடிமழை. ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். 'கோடைதானே' என்று அலட்சியமாக இருக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் குளிர் கம்பளிக்கு மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். கீழே போட ஃபோம் மேட் உண்டா, வெறும் பிளாஸ்டிக் பாயா என்று கேளுங்கள்.

சோறு மோசம், பாட்டு சத்தம் என்பதெல்லாம் ஒரு ராத்திரியோடு போய்விடும். இடம் தப்பாக அமைந்தால் உயிருக்கே ஆபத்து, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஏரிக்கரையில் சமமாக, புல் முளைத்துக் கிடக்கும் இடம் படத்துக்கு அழகு. அது பெரும்பாலும் ஏரி நிரம்பினால் தண்ணீர் பரவும் பகுதி, ஒரு ராத்திரி மழையில் தண்ணீர் அங்கே வரலாம். அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் டென்ட் என்றால் இன்னும் மோசம். மேலே மதகு திறந்தால் கீழே மழை இல்லாமலே வெள்ளம். மஞ்சனபெலே அணையில் தண்ணீரில் இறங்கவே தடை. அடியில் சேறு, கரையிலிருந்து சில அடியிலேயே திடீர் ஆழம், நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே இறந்திருக்கிறார்கள். 'சார், நம்ம பக்கம் சேஃப்' என்கிற முகாமிடம் லைஃப் ஜாக்கெட் எத்தனை, மீட்க ஆள் யார் என்று கேளுங்கள். தைலமரத்துக்கு அடியில் டென்ட் வேண்டாம், காற்றே இல்லாமல்கூடக் கிளை முறியும் மரம் அது.

கனகபுரா, பன்னேர்கட்டா பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடம். ராமநகரா, மாகடி பக்கம் சிறுத்தை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே டென்டில் தங்கிய பெண்ணை யானை கொன்றது. அங்கே டென்ட் போட அனுமதியே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. காட்டோரம் என்றால் வேலி என்ன, ராத்திரி காவல் யார், பஞ்சாயத்து அனுமதி எங்கே என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பாம்புக்கடிக்கு எதிர்மருந்து உள்ள அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்பதையும் போகும் முன் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அது தாலுகா தலைநகரில் இருக்கும்.

'ஸ்கந்தகிரி உச்சியில் கேம்பிங்' என்று விற்றால் அது பொய். மலை வனத்துறையின் கையில் இருக்கிறது, உச்சியில் ராத்தங்கல் கிடையாது. மலையடியில் தனியார் நிலத்தில் டென்ட் போட்டு, விடிகாலையில் ஏற்றிவிடுவார்கள். ஏறுவதற்கான டிக்கெட் வனத்துறையின் ஆரண்ய விஹாரா தளத்தில் ஆள் பெயரிலேயே கிடைக்கிறது. அதை நீங்களே எடுங்கள். 'பேக்கேஜில் அடங்கும்' என்று சொல்லிவிட்டு, செக்போஸ்டில் டிக்கெட் இல்லாமல் கையைப் பிசைந்த குழுக்கள் உண்டு.

கழிப்பறை 20 பேருக்கு ஒன்றாவது வேண்டும். முகாமில் அன்று மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டு வகுத்துப் பாருங்கள், நூறு பேருக்கு இரண்டு என்ற கணக்குகூட வரும். ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் சட்டப்படியே கூடாது. அதை மதிக்காத முகாம் மற்றதை மதிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சனிக்கிழமை ஹெப்பாள், சில்க் போர்டு சந்திப்புகளைத் தாண்டவே ஒரு மணி நேரம் போய்விடும், 60 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் வையுங்கள். நாலரை மணிக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். சாமானை இறக்குவதற்கு முன்னால் டென்ட், கழிப்பறை, தண்ணீர் மூன்றையும் சுற்றிப் பாருங்கள். சரியில்லை என்றால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம். அட்வான்ஸ் போனால் போகட்டும்.

செலவு அதிகமானாலும் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்குக் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் காவிரிக்கரையில் நடத்தும் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகளி முகாம்கள் உண்டு. பெங்களூருவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். விலை பல மடங்கு, ஆனால் யாரிடம் கணக்குக் கேட்பது என்ற குழப்பமில்லை.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குக் கணக்கை முடக்க வாய்ப்பு. இடம் இருந்தும் சொன்னது எதுவும் இல்லை என்றால் அது சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, யுபிஐ பரிவர்த்தனை எண், முகாமில் எடுத்த படம் நான்கும் வேண்டும். விளம்பரத்தை முதலில் எடுத்து வையுங்கள், புகார் என்று தெரிந்ததும் அந்த இன்ஸ்டாகிராம் பக்கம்தான் முதலில் காணாமல் போகும்.