புகையைக் கழுவ எந்தக் கரைசல்: எம்.இ.ஏ.வா, புதிய அமீனா?

பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்க எல்லோருக்கும் தெரிந்த வழி 30 சத எம்.இ.ஏ. (மோனோஎத்தனாலமீன்) கரைசல். வாயுவைப் பிடித்துக்கொண்டு, சூடாக்கினால் விட்டுவிடும் அமீன் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. எங்கும் கிடைக்கும், மலிவு, உரிமக் கட்டணம் கிடையாது. எதிரே நிற்பவை மிட்சுபிஷி நிறுவனத்தின் கே.எஸ்.-1 போன்ற புதிய அமீன்கள். டெக்சாஸில் நிலக்கரி மின்நிலையத்தோடு சேர்ந்த பெட்ரா நோவா ஆலையில் 2017 முதல் 240 மெகாவாட் மின்னுற்பத்திக்கு ஈடான புகையைக் கழுவியது கே.எஸ்.-1தான். தூத்துக்குடியில் சோடா ஆலை ஒன்றின் நிலக்கரி பாய்லரில் 2016-இல் ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்க அமைத்த ஆலையிலும் புதிய வகைக் கரைசலே.

ஒரு டன் பிரிக்க எம்.இ.ஏ. ஏறத்தாழ 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் கேட்கும், புதியவற்றுக்கு 2.5 முதல் 3 போதும். பேச்சு பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறது. ஆலை ஓடத் தொடங்கியபின் கையைக் கடிப்பது கரைசல் கெடும் வேகம்.

கந்தக டை ஆக்சைடு உள்ளே வந்தால் அமீனோடு சேர்ந்து உப்பாகிவிடும். கரைசலைச் சூடாக்கி வாயுவை வெளியேற்றும் கோபுரமான ஸ்ட்ரிப்பரின் 120 டிகிரி சூட்டிலும் அது பிரியாது. அந்த அமீன் போனது போனதுதான். ஆகவே, புகை கரைசலைச் சந்திக்கும் கோபுரமான அப்சார்பருக்கு முன்னால், புகையைக் காஸ்டிக்கால் (சோடியம் ஹைட்ராக்சைடு) கழுவி, கந்தக டை ஆக்சைடை 10 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜனும் அமீனை அமிலமாக்கும். அமிலம் கார்பன் ஸ்டீலை அரிக்கும். கரைந்த இரும்பு ஆக்சிஜனேற்றத்தை இன்னும் வேகமாக்கும். தெளிந்த கரைசல் கடுங்காப்பி நிறத்துக்குப் போகும், நுரைக்கும், கோபுரத்துக்குள் நிரப்பியிருக்கும் பேக்கிங்கில் அழுத்த வேறுபாடு ஏறும். பிறகு ரீக்ளைமர் என்ற மீட்புக் கலனில் காஸ்டிக் சேர்த்துக் காய்ச்சி அமீனை மீட்க வேண்டும். அடியில் தங்கும் கசடு அபாயக் கழிவு.

எம்.இ.ஏ. இழப்பைப் பிடிக்கும் வாயுவின் டன்னுக்கு 1.5 கிலோ என்று வைத்தாலே, நாளுக்கு 1,000 டன் பிடிக்கும் ஆலையில் தினமும் ஒன்றரை டன் ஊற்ற வேண்டும். கே.எஸ்.-1 வகையில் இழப்பு இதில் சிறு பங்கே. கிலோ விலை பலமடங்கு, விற்பவரும் ஒருவரே என்பது உண்மைதான். இருந்தும் பெரிய ஆலைக்கு என் ஓட்டு புதியதற்கே.

ஆனால் புதிய கரைசல் என்பதால் மட்டும் தப்பித்துவிட முடியாது. 2014-இல் தொடங்கிய கனடாவின் பவுண்டரி டாம் நிலக்கரி மின்நிலைய ஆலையில் இருந்ததும் புதிய அமீன்தான். சாம்பல் தூசி உள்ளே புகுந்து அடைத்தது, அமீனும் கெட்டது. முதல் ஆண்டுகளில் பிடித்த வாயுவின் அளவு இலக்குக்கு வெகு கீழே நின்றது. சிமென்ட் புகையில் அனுபவம் இன்னும் இளசு. நார்வேயின் பிரெவிக் சிமென்ட் தொழிற்சாலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் ஆலை 2025-இல்தான் திறந்தது.

இயற்கை எரிவாயு பாய்லர், நாளுக்குச் சில பத்து டன் என்றால் எம்.இ.ஏ.வே போதும், ஸ்ட்ரிப்பரையும் சூடான குழாய்களையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும், டன்னுக்கு எத்தனை கிலோ கரைசல் நிரப்ப வேண்டிவரும் என்ற உத்தரவாதத்தை, உங்கள் புகையின் கந்தக, தூசி அளவுகளோடு சேர்த்து ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.