நான்சாங் சிஜே-6ஏ: சொந்தமாக வைத்திருப்பவன் எழுதும் மதிப்புரை

பழைய ரேடியல் இன்ஜின் (சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி அமைந்த இன்ஜின்) விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிப் பறக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்டால், நான் முதலில் சொல்வது சிஜே-6ஏ என்ற சீனப் பயிற்சி விமானம். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன விமான நிலையத்தில், நானும் ஒரு நண்பரும் பாதிக்குப் பாதி போட்டு வாங்கி வைத்திருக்கிறோம். பறக்கப் பழகுபவர்கள் வழக்கமாக ஓட்டும் சின்ன விமானமான செஸ்னா 172-ஐப் புதிதாக வாங்கும் விலையில் பாதிகூட ஆகவில்லை. அந்தப் பணத்துக்கு ஒன்பது சிலிண்டர் இன்ஜின், உள்ளே மடங்கும் சக்கரங்கள், லூப், ரோல் என்று வானில் குட்டிக்கரணம் போட்டாலும் தாங்கும் உடம்பு, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. ஆனால் விலையில் மிச்சம் பிடித்ததை நேரமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமைக் காலைகளை இதற்கென்று ஒதுக்க முடியாதவர்கள் வாங்க வேண்டாம்.

நிறையப் பேர் இதை ரஷ்யாவின் யாக்-18 பயிற்சி விமானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. இது சீனர்களே வரைந்த விமானம். 1958 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. அப்போது பொருத்திய 145 குதிரைத்திறன் இன்ஜின் போதாமல், 260 குதிரைத்திறன் இன்ஜினுக்கு மாறினார்கள். அதையே சீனாவில் தயாரித்து, பிறகு 285-க்கு உயர்த்தியதுதான் இப்போது என் விமானத்தில் இருக்கும் ஹூசாய் எச்எஸ்-6ஏ. யாக்-18 குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. இதன் உடம்பு அலுமினியம். ரிவெட்டுகளின் தலைகூடத் தகட்டோடு சமமாக இழைந்திருக்கும், கையால் தடவினால் தெரியும். பிடி-6 என்ற பெயரில் இலங்கை விமானப்படைக்கும் போயிருக்கிறது. திருகோணமலைப் பக்கம் இருப்பவர்கள் சீனன்குடாவில் இதன் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்ததும், வாங்கும் எல்லோரையும் முதல் வருஷம் படுத்தி எடுப்பதும் ஒன்றுதான்: காற்று. ஹைட்ராலிக் எண்ணெய் என்ற பேச்சே இதில் கிடையாது. சக்கரம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்), பிரேக், ஏன், இன்ஜினைக் கிளப்புவதுகூட அழுத்தப்பட்ட காற்றுதான். ஒரு பாட்டிலில் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் அந்தக் காற்று எரியும் வரிசைப்படி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். உஸ்ஸென்று ஒரு சத்தம், புரொபெல்லர் சுற்றும், ஒரு சிலிண்டர் பிடிக்கும், இரண்டு பிடிக்கும், வெள்ளைப் புகை கிளம்பும், அப்புறம் ஒன்பதும் சேர்ந்துகொள்ளும். பாட்டரியை நம்பிக் கிளம்பும் எந்த விமானத்திலும் இந்தச் சுகம் கிடையாது. ஓடும்போது இன்ஜினோடு சுற்றும் கம்ப்ரஸர் பாட்டிலைத் திரும்ப நிரப்பிவிடும். சக்கரத்தை இறக்குவதற்கென்று தனியாக ஒரு அவசரப் பாட்டிலும் உண்டு.

ஆனால் பாட்டில் காலியானால் கிளம்ப முடியாது. அதனால் பாட்டிலை நிரப்பிக்கொள்வதற்கென்று, கடலுக்குள் மூழ்குபவர்கள் முதுகில் மாட்டும் ஸ்கூபா சிலிண்டர் ஒன்றைச் சிஜே வைத்திருப்பவர்கள் பலரும் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) வைத்திருப்பார்கள். நாங்களும் வைத்திருக்கிறோம். காற்று ஒழுகுவது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. எங்கள் விமானத்தில் மாலை நிரப்பினால் காலையில் அழுத்தமானியின் முள் பாதிக்கு வந்துவிடும். சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனோம். கடைசியில் சக்கர நெம்புகோலுக்குப் பின்னால் இருந்த வால்விலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. உள்ளே இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தது. பாகம் விற்பவர் ஒருவர் அனுப்பிய புது ஓ-ரிங் அளவு தப்பு, திருப்பி அனுப்பினால் பதிலே இல்லை. பக்கத்து ஊர்த் தொழிற்சாலைப் பொருள் கடையில் மெட்ரிக் அளவு சொல்லி வாங்கிப் போட்டதும் நின்றது. காற்றோடு வரும் ஈரத்தைப் பிரிக்கும் சின்னக் கிண்ணத்தை வடித்துவிடுவதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். விட்டால் பாட்டில் உள்ளுக்குள் துருப்பிடிக்கும்.

அடுத்தது எண்ணெய். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஹேங்கரில் விமானத்துக்கு அடியில் இருந்த தட்டைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, இப்படி ஒழுகுதே, இதுல ஏறியா போறே?” என்று கேட்டார். ரேடியல் இன்ஜினில் கவலைப்பட வேண்டியது தட்டில் விழும் எண்ணெயைப் பற்றி இல்லை, தட்டில் விழாத எண்ணெயைப் பற்றித்தான். நிறுத்தி வைத்த இன்ஜினில் எண்ணெய் மெதுவாக இறங்கி, தலைகீழாக இருக்கும் அடிப்பக்கச் சிலிண்டர்களில் தேங்கும். திரவத்தை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டன் எண்ணெயில் போய் முட்டும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். வளைந்தது அன்றைக்கே தெரியாமல் போகலாம். இன்ஜின் வழக்கம்போல ஓடும், பல மணி நேரம் கழித்து நடுவானில் உடையும்.

அதனால் ஒவ்வொரு முறையும் கிளப்புவதற்கு முன், இக்னிஷன் சுவிட்சுகள் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, புரொபெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுகிறோம். சிலிண்டர் அழுத்தத்தின் இயல்பான எதிர்ப்பு எப்படி இருக்கும் என்று கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும். எண்ணெய் இருந்தால் அது சுவரில் மோதியதுபோல அப்படியே நிற்கும். நின்றால் பலம்கொண்டு தள்ளக் கூடாது, பின்பக்கமாகவும் சுற்றக் கூடாது. பின்னால் சுற்றினால் எண்ணெய், சிலிண்டருக்குக் காற்றும் பெட்ரோலும் வரும் இன்டேக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும், இன்ஜின் பிடித்ததும் அதே சிலிண்டருக்குள் திரும்ப வரும். அடியில் இருக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அவசரம், இருட்டப் போகிறது, நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இங்கே செல்லாது. இந்த ஒரு விஷயத்தில் அலட்சியமாக இருப்பவருக்கு நான் விமானத்தின் சாவியைத் தர மாட்டேன்.

பறப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கைகளுக்கு அவ்வளவு இசைவாக இருக்கும். செஸ்னாவில் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காக்பிட்டிலிருந்து பார்த்தால் புரொபெல்லர் இடஞ்சுழியாகச் சுற்றும். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது வலது காலுக்குப் பதில் இடது காலை அழுத்த வேண்டும். பிரேக்குக்கு மிதி கிடையாது, கட்டுப்பாட்டுக் கோலில் இருக்கும் பிடியை அழுத்தி, எந்தப் பக்கம் பெடலை உதைக்கிறோமோ அந்தச் சக்கரம் பிடிக்கும். முன்சக்கரம் தானாகத் திரும்பக்கூடியது, தரையில் ஓட்டப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். சக்கரம் இறங்கியதைக் காட்டப் பச்சை விளக்கு தவிர, இறக்கையின் மேல் ஒரு சின்னக் கம்பியும் நிமிர்ந்து நிற்கும். விளக்கு எரியாவிட்டாலும் அதைப் பார்த்துக்கொள்ளலாம். எந்த விமானத்திலும் இருக்க வேண்டிய ஏற்பாடு இது.

எண்ணெய் 40 டிகிரி, சிலிண்டர் தலை 120 டிகிரி செல்சியஸ் வரும்வரை நான் கிளம்புவதில்லை. இறங்கும்போதும் பவரை ஒரேயடியாக இழுக்காமல், இன்ஜினுக்கு முன்னால் காற்று நுழையும் இடத்தில் இருக்கும் மடிப்புக் கதவுகளை மூடி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். பெட்ரோல் மணிக்குச் சுமார் 12 முதல் 15 கேலன் குடிக்கும். டாங்க் சின்னது, ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் போகத் திட்டமிடாதீர்கள். தூரப் பயணத்துக்கு இது சரிப்படாது.

காகித வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் இது ‘எக்ஸ்பெரிமெண்டல் எக்ஸிபிஷன்’ என்ற, கண்காட்சிக்கான விமானங்களின் வகையில் வரும். வாடகைக்கு ஓட்டக் கூடாது. எந்தெந்த நிகழ்ச்சிகளுக்குப் போகப் போகிறோம் என்று வருஷா வருஷம் அரசின் விமானத் துறை அலுவலகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். வருடாந்தர ஆய்வை உரிமம் பெற்ற ஏ அண்ட் பி மெக்கானிக் (விமான உடலுக்கும் இன்ஜினுக்கும் உரிமம் உள்ளவர்) செய்து கையெழுத்துப் போட்டால் போதும். இந்த வகையில் இருப்பதால்தான் சீனப் பிளக்குகளுக்குப் பதிலாக, அடாப்டர் போட்டு, கார் ஸ்பார்க் பிளக் பொருத்த முடிகிறது. பதினெட்டு பிளக்குகளை மாற்றும்போது இந்தச் சலுகையின் அருமை பர்ஸுக்குத் தெரியும்.

மெக்கானிக் கிடைப்பதுதான் உண்மையான சிக்கல். இன்றைக்கு வெளிவரும் இளைஞர்களில் ரேடியலைத் தொட்டவர்கள் குறைவு. வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊரில் இந்த இன்ஜினை அறிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். இதுபோன்ற விமானங்களை ஓட்டுபவர்களின் சங்கமான ரெட் ஸ்டார் பைலட்ஸ் அசோசியேஷனில் சேருங்கள், கூட்டாகப் பறக்கும் பயிற்சியும் அங்கே கிடைக்கும், பாகம் எங்கே கிடைக்கும் என்ற தகவலும் கிடைக்கும்.

விமானம் பார்க்கப் போகும்போது பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். முந்தின நாள் மாலையே காற்றுப் பாட்டிலை 50 வரை நிரப்பி அப்படியே விடச் சொல்லுங்கள். மறுநாள் காலை விற்பவர் வருவதற்குள் முள்ளைப் பாருங்கள். பிறகு புரொபெல்லரை அவர் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவர் சுற்றாமல் நேராக ஸ்டார்ட் பொத்தானுக்குப் போனால், விலையைப் பேசாமலே கிளம்பிவிடலாம்.