மனுஷரை அல்ல, கர்த்தரை நம்ப: ஒத்தவாக்கிய வேதாகமம் ஒரு மதிப்புரை

பழைய திருப்புதலின் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின்) ஒத்தவாக்கியக் குறிப்புகளுள்ள பதிப்பு, அதாவது ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும் பதிப்பு, மனுஷரை அல்ல, கர்த்தரை நம்பவேண்டும் என்ற இந்தப் பாடத்துக்கு மிகவும் உதவும். ஒற்றை வசனத்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தை அது மாற்றிவிடுகிறது. மனுஷன்மேல் நம்பிக்கை வைக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று சொல்லும் எரேமியா 17:5-ஐப் பாதி மட்டும் வாசித்துவிட்டு, மருந்து வேண்டாம், கடன் கேட்கக் கூடாது என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. சாபம் 'கர்த்தரை விட்டு விலகுகிற இருதய'த்தின்மேல்தான். 8-ஆம் வசனம்வரை வாசித்தால் இது தெளிவாகும்.

அடுத்து யூதாவின் ராஜாவான ஆசா. 2 நாளாகமம் 14-இல் பத்து லட்சம் எத்தியோப்பியருக்கு எதிராகக் கர்த்தரைக் கூப்பிட்டு ஜெயித்தவர், 16-இல் ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து உதவி கேட்டு சீரியாவின் ராஜாவான பெனாதாத்துக்கு அனுப்புகிறார். கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானியைக் காவலறையில் வைக்கிறார். கால் வியாதியில் பரிகாரிகளை (வைத்தியர்களை) மட்டும் தேடுகிறார். இரண்டு அதிகாரங்களையும் ஒரே நாளில் வாசியுங்கள். சறுக்கல் எங்கே தொடங்கியது என்று புரியும்.

எஸ்றா 8:22-ஐயும் நெகேமியா 2:9-ஐயும் சேர்த்துப் பாருங்கள். எஸ்றா வழிப்பயணப் பாதுகாப்புக்கு ராஜாவிடம் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, அகாவா நதியண்டையில் உபவாசித்தார். நெகேமியாவோடு ராஜா இராணுவச் சேர்வைக்காரரையும் குதிரைவீரரையும் அனுப்பினார். ஆனால் ராஜாவிடம் வாய் திறக்குமுன் நெகேமியா ஜெபித்திருந்தார் (2:4). இது அருமையான ஜோடி!

குறைகள்: குறிப்புகளின் எழுத்து மிகப் பொடி, வயதானவர்களுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படும். தாள் மெல்லியது, ஜெல் பேனா மறுபக்கம் ஊறும். பென்சிலே போதும்.