கூரைக் கேரியரைக் கழற்றக் கொடுத்தேன், ஓட்டையோடு கார் வந்தது

மழையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது காரின் உள்விளக்கு ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் முழங்கையில் விழுந்தது. மூன்று மாதங்களுக்கு முன் பட்டறையில் என்ன நடந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரியத் தொடங்கியது.

பல ஆண்டுகளாகக் கூரை மேல் கிடந்த கேரியர். நான்கு கால்கள், காலுக்கு இரண்டாக எட்டு போல்ட்டுகள். நானே கழற்றலாமென்று ஏறிப் பார்த்தேன். போல்ட்டுத் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கால் அலுமினியம், போல்ட்டு எவர்சில்வர், கூரைத் தகட்டில் பதித்த நட்டு இரும்பு. இவற்றுக்கு நடுவே ஈரம் தங்கினால் அலுமினியம் அரித்து, எல்லாம் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஐந்து கழன்றன; மூன்று அசையவே இல்லை. முரட்டுத்தனம் செய்யாமல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்தப் புத்தி சரிதான், போன இடம்தான் சரியில்லை.

"இரவு முழுக்க எண்ணெய் ஊற விடுவீர்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதற்கு சார்? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல வந்துவிடும். மாலையில் வாருங்கள்."

மாலையில் கேரியர் இல்லை. எட்டுத் துளைகளிலும் பளபளவென்று கறுப்பு ரப்பர் மூடிகள். ரசீதில் 'போல்ட்டுகள் சேதமின்றிக் கழற்றப்பட்டன' என்றிருந்தது. பணம் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். பணத்தைவிட அந்த நன்றிதான் இன்றும் உறுத்துகிறது.

சொட்டிய பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். விளக்குக்கு மேலே ஓட்டை எதுவும் இல்லை. பின்பக்கம் புகுந்த நீர் தகட்டின் அடிப்புறமாகவே ஓடி வந்து, தாழ்ந்த இடத்தில் சொட்டியிருக்கிறது. அவர் பின்பக்க மூடி ஒன்றை நகத்தால் நெம்பினார். கீழே சிலிக்கான் பசை. பசையை வழித்தால் தலையில்லாத போல்ட்டு. அதன் நடுவில், முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் முனையும் முறிந்து நின்றது. அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் அதில் இறங்காது. அடுத்த மூடிக்கடியில் பதித்த நட்டே பிடி விட்டு போல்ட்டோடு சேர்ந்து சுற்றியிருக்கிறது. துளை முட்டை வடிவில் அகன்று, பெயின்ட் போன விளிம்பில் துரு ஏறத் தொடங்கியிருந்தது.

மூன்றாவதைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. உள்கூரைத் துணியை இறக்கினால், அதன் மேற்புறப் பஞ்சு உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. போல்ட்டை இளக்கக் கேஸ் சுடர் பிடித்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, ஜன்னல்களுக்கு மேலே, பக்கவாட்டு ஏர்பேக் சுருண்டு கிடக்கிறது!

போல்ட்டு முறிவது குற்றமில்லை; கைதேர்ந்தவரிடமும் முறியும். முறிந்ததை மூடி போட்டு மறைத்ததைத்தான் மோசடி என்கிறேன்.

இரண்டாவது மெக்கானிக் சொன்ன முறை எளிமையானது. முதலில் தலைக்குழியில் அடைந்த அழுக்கை ஊசியால் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லையென்றால் அறுகோண அலன் சாவி அரைகுறையாக இறங்கிக் குழியை மழுக்கிவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவாவது காத்திருக்க வேண்டும். பிறகு சாவியை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு. கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசைத்தால் பிடிப்பு உடையும். போல்ட்டு சுற்றியும் மேலே வரவில்லையென்றால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். உள்ளே நட்டு சுற்றுகிறது என்று பொருள். அதன் பிறகு தலையை மட்டும் டிரில்லால் எடுத்துவிட்டுக் காலைத் தூக்கிவிடலாம், மிச்சத்தை உள்பக்கமாகக் கவனிக்கலாம்.

காரைத் திரும்ப வாங்கும்போது, கழற்றிய போல்ட்டுகளைத் தரச் சொல்லி எண்ணிப் பாருங்கள். மூடிகளை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.

முறிந்த போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போய்க் கேட்டேன். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேரியரைக் கழற்றத்தானே சார் சொன்னீர்கள்? கழற்றிவிட்டோமே."