ட்ரயலா, ரெஜிஸ்ட்ரியா? கேன்சர் மருந்தப் பத்தி எதக் கேக்கிறது

கிளினிக்கல் ட்ரயல் எண்டா அநேகமா ஆக்களச் சீட்டுக் குலுக்கின மாதிரி ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கம் புது மருந்து மத்தப் பக்கம் பழசு, அதால வித்தியாசம் வந்தா மருந்தாலதான் எண்டு துணிஞ்சு சொல்லலாம். ஆனா எடுக்கிறது கூடுதலா உடம்பு தெம்பா இரிக்கிற ஆக்களத்தான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாங்குல கிளினிக் கொப்பியோட குந்தியிருக்கிற எங்கட அம்மம்மாவுக்கு சீனி, பிரஷர், கிட்னிப் பிரச்சினை எல்லாம் இரிக்கு, அவவ லேசில சேக்க மாட்டாங்க.

ரெஜிஸ்ட்ரி எண்டா கேன்சர் வந்த ஆக்கள்ட பதிவேடு, அதுல வாற எல்லாரையும் பதியிறாங்க. இலங்கையில 1985ல தொடங்கினது, அமெரிக்காட சீர் (SEER) எண்ட ரெஜிஸ்ட்ரி 1973ல. ஆஸ்பத்திரி ரெக்கோட்டையும் சேத்துப் பாத்தா இதுட பெரிய லாபம் காலந்தான். டொக்சோரூபிசின் எண்ட கேன்சர் மருந்து ஏத்தின சிலருக்கு இதயம் பலவீனமாகிறது வருஷக்கணக்கு கழிச்சுத்தான் தெரியும், நெஞ்சுக்கு ரேடியேஷன் குடுத்தாலும் அப்பிடித்தான், அவ்வளவு நாளைக்கு எத்தின ட்ரயல் காத்து நிக்கும்?

கோளாறும் இரிக்கு. டொக்டர் தெம்பான ஆளுக்குத்தான் கடும் மருந்து குடுப்பார், பிறகு தரவுல அந்த மருந்து பெரிய கெட்டிக்காரன் மாதிரித் தெரியும். இங்க ஒரு ஃபைல், மகரகமை கேன்சர் ஆஸ்பத்திரில இன்னொண்டு எண்டு கிடந்தா அந்தக் கதையும் அரைகுறைதான்.

எந்த மருந்து நல்லம் எண்டா நான் ட்ரயலப் பாப்பன், பத்து வருஷத்தால உடம்பு என்னாகும் எண்டா ரெஜிஸ்ட்ரிதான்.